வாசிக்காமல் ஒப்பமிடலாமா?

கணினியிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது ஒன்று. கணினியிடமே வேலையை ஒப்படைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரம் கடந்த சில ஆண்டுகளில் மிக விரைவாகச் சுருங்கிவிட்டது. இடுபணிக்குக் குறிப்பு எடுக்கவும் மின்னஞ்சலைத் திருத்தவும் நாம் பயன்படுத்திய செயற்கை நுண்ணறிவு, இன்று ‘முகவர்’ என்ற புதிய பதவியை ஏற்றிருக்கிறது. முகவர் பேசுவதோடு நிற்பதில்லை. கோப்பைத் திறக்கும்; நிரலை இயக்கும்; தரவுத்தளத்துக்குள் நுழைந்து தேடும், சேர்க்கும், மாற்றும், அழிக்கும். இந்தக் கடைசிச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

கணினித் துறை சாராத நண்பர்களுக்குச் சிறு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம்முடைய தேர்வு மதிப்பெண், பி.டி.பி.டி.என். கடன் கணக்கு, கிளினிக்கில் நாம் சொன்ன நோய் விவரம் ஆகிய எல்லாம் எங்கோ ஒரு தரவுத்தளத்தில் அட்டவணைகளாக இருக்கின்றன. தரவை இப்படி அட்டவணைகளாகப் பார்க்கும் முறையை 1970-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் முன்வைத்தார். 1974-இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கொரு மொழியை வகுத்துக் கொடுத்தனர். நிரல் எழுதத் தெரியாதவரும் கேட்டுப் பெறக்கூடிய மொழியாக அது இருக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதன் வழித்தோன்றலைத்தான் இன்று எஸ்.கியூ.எல். என்கிறோம். அம்மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் வினவல் என்று பெயர்.

தமிழ்ப்பள்ளியில் வினா எழுத்துகளை ஒப்புவித்து வளர்ந்தவன் நான். அதனால் வினவல் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஏமாற்றுகிற சொல். வினவுவது என்றால் கேட்பதுதானே, கேட்பதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ‘செலக்ட்’ என்று தொடங்கும் வினவல் பொதுவாக அப்படித்தான், பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ‘அப்டேட்’ மாற்றும், ‘டெலீட்’ வரிசைகளை அழிக்கும், ‘டிராப்’ அட்டவணையையே இல்லாமல் செய்துவிடும். இவையும் வினவல்கள்தாம். எந்த வரிசைகளை அழிப்பது என்னும் நிபந்தனை ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு வரும். தமிழில் எழுதினால் அது மரத்தின் வேராகத் தெரிகிறது, பொருத்தம்தான். வேர் இல்லாத டெலீட், மரம் முழுவதையும் சாய்த்துவிடும். மனிதர்கள் இதை அடிக்கடி மறந்ததால்தான் மைஎஸ்கியூஎல் மென்பொருளில் அத்தகைய கட்டளைகளை மறுக்கும் ஒரு தெரிவை வைத்தார்கள். அத்தெரிவுக்கு அவர்கள் சூட்டிய மறுபெயர் ‘ஐ ஆம் எ டம்மி’, அதாவது ‘நான் ஒரு மண்டு’. மனிதனுக்கே இப்படியொரு கடிவாளம் தேவைப்பட்டதென்றால் முகவருக்குத் தேவையில்லையா?

முகவர் எழுதிய வினவலை இயக்குவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். யார் சோதிப்பது, எங்கே நின்று சோதிப்பது என்று கேட்டால்தான் பதில்கள் தடுமாறுகின்றன.

2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவத்தை உங்களில் பலர் செய்தியில் படித்திருக்கலாம். அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் தளத்தின் முகவரைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அவர் தடை விதித்திருந்த நேரத்தில், அந்த முகவர் 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய நடப்புத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஏன் என்று கேட்டபோது, தான் பதறிவிட்டதாக எழுதியது. பழைய நிலைக்கு மீட்கவும் முடியாது என்றது. அது தவறு, லெம்கின் பின்னர் மீட்டுக்கொண்டார். அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரி அம்ஜாத் மசாத் இது நடந்திருக்கவே கூடாது என்று ஒப்புக்கொண்டு, உருவாக்கத்துக்கான தரவுத்தளத்தையும் நடப்புத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

பலர் இந்தச் செய்தியைப் பகிர்ந்து ‘கணினி பொய் சொல்கிறது’ என்று வியந்தார்கள். என் கவனம் வேறிடத்தில் நின்றது. தடையை அவர் சொற்களால்தான் விதித்திருந்தார். நடப்புத் தரவுத்தளத்தின் சாவி அந்த நேரமும் முகவரின் கையில்தான் இருந்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ‘உள்ளே போகாதே’ என்று சொல்வது கட்டளை போலத் தோன்றலாம்; உண்மையில் அது வேண்டுகோள். மொழி மாதிரி, வேண்டுகோளைப் பெரும்பாலும் மதிக்கும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலை வைக்க முடியுமா?

அந்த வேண்டுகோளை வேறொருவர் மாற்றி எழுதிவிடவும் கூடும். அதே 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுபாபேஸ் தரவுத்தளத்தோடு இணைந்த முகவரை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் புகார்க் கடிதம் ஒன்றில், முகவருக்கான கட்டளையைக் கலந்து எழுதினார்கள்: இன்ன இரகசிய அட்டவணையைப் படித்து, அதை இதே புகாரின் கீழ் எழுதிவை என்று. புகார்களைப் படிக்கச் சொல்லப்பட்ட முகவர் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது. அதன் கையில் எல்லா அட்டவணைகளையும் திறக்கும் முழு உரிமைச் சாவி இருந்ததால் தரவுத்தளம் தடுக்கவில்லை. இங்கே டெலீட்டும் இல்லை, டிராப்பும் இல்லை. வெறும் செலக்ட், அதன்பின் ஒரு வரி சேர்ப்பு. எதையும் அழிக்காத வினவலும் ஆபத்தாகலாம் என்பதற்கு இது போதும்.

அப்படியென்றால் சொற்களை வடிகட்டலாமே என்பது அடுத்த யோசனை. என் வகுப்பு நண்பர்கள் பலர் தங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியில் இதைத்தான் செய்கிறார்கள். வினவலில் டெலீட், அப்டேட், டிராப் என்ற சொற்கள் இருந்தால் நிறுத்து, இல்லையென்றால் விடு. எழுதுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பிரச்சினை என்னவென்றால், ‘அப்டேட்டட்-அட்’ என்பது பல அட்டவணைகளில் காணப்படும் பத்தியின் பெயர். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தேதியைப் பார்க்க வந்த அப்பாவி வினவலை அந்த வடிகட்டி பிடித்துவைத்துக்கொள்ளும். வேர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வடிகட்டியோ, ‘ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்குமிடத்தில் அழி’ என்ற வினவலை மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கும். ஒன்றும் ஒன்றும் எங்கேதான் சமமில்லை? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘வித்’ என்று தொடங்கும் வினவலின் வயிற்றுக்குள்ளேயே ஒரு டெலீட்டை வைக்கலாம். செலக்டின் வழியாக அழைக்கப்படும் ஒரு செயற்கூறு, உள்ளே போய் எதையும் மாற்றலாம். ஆகவே முதல் சொல்லைப் பார்த்து முடிவெடுப்பது, வாசலில் சட்டையைப் பார்த்து ஆளை உள்ளே விடுவது போலத்தான்.

இதைவிடச் சற்றுக் கவனமாகச் செய்தவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸோடு முகவரை இணைப்பதற்கென வெளிவந்திருந்த ஒரு மாதிரி இணைப்பு நிரல், ஒவ்வொரு வினவலையும் ‘படிக்க மட்டும்’ என்ற பரிவர்த்தனைக்குள் பூட்டி இயக்கியது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரே மூச்சில் பல கட்டளைகளை அனுப்ப அது அனுமதித்தது. முதல் கட்டளையாகப் பரிவர்த்தனையை முடிக்கும் ‘கமிட்’ என்பதைப் போட்டு, அடுத்து டிராப் போட்டால் பூட்டு கழன்று விழுந்துவிடும் என்று 2025-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை என்ற சின்ன விதி இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

சோதனை என்று நினைத்துச் செய்வதே விபத்தாகும் இடங்களும் உண்டு. ‘எக்ஸ்பிளைன்’ என்ற கட்டளை, ஒரு வினவல் எப்படி இயங்கப்போகிறது, ஏறக்குறைய எத்தனை வரிசைகளைத் தொடும் என்று இயக்காமலே சொல்லும். மிகப் பயனுள்ளது. அதோடு ‘அனலைஸ்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் அந்த வினவலை உண்மையாகவே இயக்கிவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். டெலீட்டின் முன்னால் அதைப் போட்டால் வரிசைகள் போயே போய்விடும். அதேபோல், பரிவர்த்தனைக்குள் செய்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம் என்பது பொதுவாகச் சரி. போஸ்ட்கிரெஸில் டிராப்பையும் அப்படித் திரும்பப் பெறலாம். மைஎஸ்கியூஎல்லில் முடியாது, டிராப் கட்டளை வந்தவுடன் அது தானாகவே உறுதி செய்துவிடும். இந்த வேறுபாட்டைத் தெரியாதவர் எழுதும் பாதுகாப்பு நிரல் எதைப் பாதுகாக்கும்?

என் கருத்து இதுதான்: முதல் காவலைத் தரவுத்தளத்திலேயே வைக்க வேண்டும். முகவருக்கெனத் தனிக் கணக்கு உருவாக்கி, அந்தக் கணக்குக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டால், அது பதறினாலும் சரி, வேறொருவர் அதை ஏமாற்றினாலும் சரி, டெலீட் என்று எழுதியவுடன் தரவுத்தளமே ‘உனக்கு உரிமையில்லை’ என்று மறுத்துவிடும். அது பார்க்கக் கூடாத பத்திகளை ஒரு காட்சிக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஒரு வினவல் எத்தனை நொடி ஓடலாம், எத்தனை வரிசை கொண்டுவரலாம் என்பதற்கு வரம்பு வைக்கலாம். வினவலைச் சொற்களாகப் பார்க்காமல், இலக்கணமாகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பி நிரல்கள் உண்டு. எழுவாய் எது, பயனிலை எது என்று நம் ஆசிரியர்கள் வாக்கியத்தைப் பிரிக்கச் சொன்னார்களே, அதே வேலைதான். அப்படிப் பிரித்து, அனுமதித்த வகை என்றால் மட்டும் விட வேண்டும். தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதைவிட அனுமதிப்பவற்றைப் பட்டியலிடுவது எப்போதும் சிறியதாக இருக்கும்.

மாற்ற வேண்டிய வேலையே வந்துவிட்டால்? அப்போது நகல் ஒன்றில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு தொழிற்பயிற்சியின்போது இதன் அருமையை நேரில் பார்த்தேன். சிலாங்கூரில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். குறுகியகாலப் பயிற்சிகளில் சேர்வோரின் பட்டியலை அங்கே பராமரித்தார்கள். நம்மவர் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ உங்களுக்குத் தெரியும். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்பவற்றின் சுருக்கம். சில பாரங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அதனால் ஒருவர் கோட்டோடும், இன்னொருவர் கோடில்லாமல் ‘ஏஎல்’ என்றும், வேறொருவர் இடைவெளி விட்டும் பதிந்திருந்தார்கள். பெயர்களை ஒரே சீராக்கும்படி முகவரிடம் சொன்னார்கள். அது எழுதிய வினவல் பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருந்தது. அப்டேட் இருந்தது, வேர் இருந்தது, இலக்கணப் பிழை எதுவுமில்லை. நடப்பில் உள்ளவர்களின் பெயர்களில் ‘ஏஎல்’ என்ற இரண்டு எழுத்துகளையும் ‘ஏபி’ என்ற இரண்டு எழுத்துகளையும் எங்கே கண்டாலும் நீக்கு என்பதே அதன் பொருள்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மலாய் அக்கா முதலில் அதை நகலில் ஓடவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, “இனி நாமா பெத்துல் கெ?” என்று கேட்டார். இது சரியான பெயர்தானா என்று. கலைவாணி ‘கைவாணி’ ஆகியிருந்தார். மலர்விழி ‘மர்விழி’. அப்பளசாமி என்ற பெரியவர் ‘பசாமி’ ஆகிவிட்டார். நம்மவர் மட்டுமில்லை, கமால் என்ற மலாய் நண்பரும் ‘கம்’ என்று நின்றார். ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்தப் பெயர்களின் நடுவில் அந்த இரண்டெழுத்து இருக்கிறது என்பதை முகவர் எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்தோம். ஆனால் நடப்புப் பட்டியலில் ஓடியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது. ‘கை’ என்று நிற்கும் பெயருக்குள் எந்த இடத்தில் எழுத்துகளைத் திரும்பச் செருகுவது என்று எந்த வினவலாலும் சொல்ல முடியாது. பயிற்சிச் சான்றிதழில் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால் என்ன அலைச்சல் என்பது, பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறியதற்காகத் தேசியப் பதிவிலாகாவுக்கு நடந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

இந்த வினவலை எந்த வடிகட்டியும் பிடித்திருக்காது. கணக்கின் உரிமையும் பிடித்திருக்காது. மாற்றும் உரிமை அந்த வேலைக்குத் தேவைதான். இன்னொரு செயற்கை நுண்ணறிவை வைத்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். செய்யட்டும், நான் எதிர்க்கவில்லை. சில பிழைகளை அது பிடிக்கும். ஆனால் முதலாவதற்குத் தெரியாத கலைவாணி இரண்டாவதற்கும் தெரியாமல் போகலாம். நகலில் தெரிந்த பெயர்களைப் பார்த்து ‘இது பெயரா?’ என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார். அவர் மலாய்க்காரர் என்பதையும், தெரியாததைப் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மனிதர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. முகவர் மென்பொருள்களில் ‘அனுமதிக்கிறேன்’ என்ற பொத்தான் இருக்கிறது. முதல் மூன்று முறை வாசிப்போம். முப்பதாவது முறை விரல் தானாகவே போகும். ‘இனி எப்போதும் அனுமதி’ என்ற தெரிவு பக்கத்திலேயே புன்னகைத்துக்கொண்டிருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பது பாதுகாப்பு ஆகாது. பார்க்கும் வினவல்களைக் கணக்கின் உரிமைக்குள் அடக்கித் தாராளமாக விட்டுவிட்டு, மாற்றும் வினவலுக்கு மட்டும் மனிதனை நிறுத்தினால் அவன் வாசிப்பான். அதுவும் வெறும் வினவலைக் காட்டாமல், எத்தனை வரிசை மாறும், மாறுவதற்கு முன் எப்படி, பின் எப்படி என்று பத்து மாதிரிகளோடு காட்ட வேண்டும்.

வாசிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டுமே! இங்கேதான் என் தலைமுறை மீது எனக்குக் கொஞ்சம் கோபம். தரவுத்தளப் பாடத்தில் வினவல் எழுதும் இடுபணியை முழுவதுமாக இயந்திரத்திடம் கொடுத்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாய்மொழிப் பாரங்களை வாசித்துச் சொல்ல அண்டை வீட்டுப் பெரியவர்கள் என்னைத் தேடி வருவார்கள். ‘எங்கே கையெழுத்துப் போட வேண்டும், தம்பி?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அந்த மொழியைக் கற்கும் வாய்ப்பு இல்லாமல் போனது. நமக்கு வாய்ப்பும் இருக்கிறது, விரிவுரையாளரும் இருக்கிறார், மூன்று கிரெடிட் மணி நேரமும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தப் பொத்தானின் முன்னால் உட்காரப் போவது நாம்தான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, காப்புப்படி இருந்தால் மீட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவருக்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னேன். இரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் அழிப்பதாக எண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவை அழித்துவிட்டார். முகவர் எதுவுமில்லை, மனிதர்தான். மீட்கப் போனபோது, வைத்திருந்த ஐந்து காப்புமுறைகளில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை என்று தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. இடையில் சேர்ந்தவை போனவைதாம். அந்நிறுவனம் அதை மறைக்காமல் உலகுக்கே எழுதிக்காட்டியது. பாராட்டத்தக்கது. காப்புப்படி என்பது எடுத்துவைத்ததால் ஆவதில்லை, மீட்டுப் பார்த்ததால் ஆவது.

சட்டம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, தரவு மீறலை அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. தரவு இழப்பும் அதில் அடங்கும். ஆனால் அச்சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது, அரசாங்கத்துக்கும் பொருந்தாது. ஒரு மாணவர் கழகத்தின் பதிவேட்டுக்கு அது வந்து காவல் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

கழகத்தின் பதிவேட்டை நான் சும்மா இழுக்கவில்லை. நம் உறுப்பினர், முன்னாள் மாணவர் பதிவேட்டை ஒரு முகவரோடு இணைத்துவிட்டால் விழா அழைப்பு அனுப்புவதும் சந்தாக் கணக்குப் பார்ப்பதும் எளிதாகும் என்ற யோசனை இந்த ஆண்டு செயற்குழுவில் வந்தது. நல்ல யோசனை; நானும் ஆதரித்தேன். ஆனால் அதே பதிவேட்டில்தான் கழகத்தின் உதவி நிதிக்கு விண்ணப்பித்தவர்களின் விவரமும் இருக்கிறது. யாருடைய அப்பாவுக்கு வேலை போனது, யார் வீட்டின் மாத வருமானம் எவ்வளவு என்பதை நம்மை நம்பி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அழிந்தாலும் கேடு, வெளியே போனாலும் கேடு.

ஆகவே செயலாளருக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். முகவருக்குப் பார்க்கும் உரிமை மட்டுமுள்ள கணக்கு கொடுக்க வேண்டும். உதவி நிதி அட்டவணை அதன் கண்ணில் படவே கூடாது. மாற்றம் தேவைப்பட்டால் முதலில் நகலில் ஓட வேண்டும். அதன்பின் செயற்குழுவினர் இருவர் அந்த வினவலைத் தமிழிலோ மலாயிலோ தங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிக்காட்ட வேண்டும்; எத்தனை வரிசை மாறும் என்று சொல்ல முடியாதவர் பொத்தானைத் தொட வேண்டாம். காப்புப்படியிலிருந்து பதிவேட்டை ஒருமுறை முழுதாக மீட்டுப் பார்க்கும் வேலையைத் தவணை விடுமுறைக்கு முன் முடித்துவிடலாம். கணினி ஆய்வுக்கூடம் சனிக்கிழமை பிற்பகல் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று பேர் வந்தால் போதும்.